பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்குப் பள்ளி வளாகத்தில் நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டமென்றால் பங்கின் பழம்பெருமையைப் பேசுவது வழக்கம். கோயில் கட்டக் கல் சுமந்தவர்களைப் பற்றியும் மணி வாங்கிக் கொடுத்தவர்களைப் பற்றியும் இம்மலரில் மற்றவர்கள் விரிவாக எழுதுகிறார்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "கல்வியும் ஊட்டச்சத்தும்". தலைமையாசிரியைச் சகோதரி இத்தலைப்பைக் கூறியபோது, இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று தயங்கினோம். "சாமி, டாக்டர் சொன்னா தலையாட்டிட்டுப் போயிருவாங்க, நீங்க சொன்னாத்தான் வீட்ல போயி யோசிப்பாங்க" என்றார்கள். ஆகவே பேசுகிறோம். இதைப் பேச நமக்குள்ள தகுதி, பசியோடு பள்ளிக்கூடம் போனவர்களுள் நாமும் ஒருவர் என்பதே.

முதலில் நம்முடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்று உதவிப் பங்குத் தந்தையாக முதன்முதல் சென்ற ஊரில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் உறுதிப்பூசுதலுக்கான மறைக்கல்வி வகுப்பை நாமே நடத்தி வந்தோம். அவ்வகுப்பில் ஒரு சிறுவன். பதினொரு வயதிருக்கும். எப்போது பார்த்தாலும் கொட்டாவி, இல்லையேல் சன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருப்பான். ஒரு ஞாயிறு விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னோம். மூன்று வரியோடு நின்றுவிட்டான். முழங்காலில் நிற்கச் செய்தோம். சற்று நேரத்தில் அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். பதறிப் போய்த் தூக்கிக்கொண்டு கோயில்பிள்ளை வீட்டுக்கு ஓடினோம். அந்த அம்மையார் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு கவளம் பழைய சோறு. அவன் தாய் மருத்துவமனையில் இருக்கிறாள், தகப்பன் கடலுக்குப் போய்விட்டான், முந்தின நாள் மதியத்துக்குப் பின் பையன் எதுவும் சாப்பிடவில்லை என்று அந்த அம்மையார் சொல்லித்தான் தெரிந்தது. வகுப்புக்குத் திரும்பும் வழியில், நாம் கேட்காமலே, விசுவாசப் பிரமாணத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக் கொண்டே வந்தான். ஒரு பிழை இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்திருந்தோம். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவன் சாப்பிட்டானா இல்லையா என்று அறியும் படிப்பு அதில் இல்லை. வெட்கம் என்னவென்றால், அந்தப் பாடத்தை நாம் சிறு வயதிலேயே கற்றிருந்தோம்; மறந்துபோனோம்.

நம் சொந்த ஊர் பனங்காட்டு ஊர். பனைக்காலத்தில் காலையில் பதனீர் கிடைக்கும், கருப்பட்டித் துண்டு கிடைக்கும், பிள்ளைகள் துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பனைத்தொழில் ஓய்ந்துவிடும். கூடவே பல வீடுகளில் அடுப்பும் ஓய்ந்துவிடும். மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவோம், பானையைத் திறந்து பார்ப்போம், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். திரும்பாதவர்களும் உண்டு. மாலை வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். அவர்களை வாத்தியார் "ஓடுகாலிகள்" என்பார்.

1982 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நாம் அப்போது மூன்றாம் வகுப்பு. முதலில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பாலர் பள்ளிகளுக்கும், அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984 இல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அது வந்தது. எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவோம். ஆளுக்கொரு அலுமினியத் தட்டு வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். தட்டின் அடியில் ஆணியால் பெயர் எழுதியிருக்கும். சோறும் சாம்பாரும். சோற்றில் வண்டு கிடந்த நாளும் உண்டு, சாம்பார் தண்ணீராய் ஓடிய நாளும் உண்டு. அதைப் பற்றி அந்நாளில் மேடைகளில் பெரிய வாதங்கள் நடந்தனவாம். எங்களுக்கு அந்த வாதம் தெரியாது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் மாலை வகுப்பில் இடம் காலியாக இல்லை என்பது தெரியும். வாத்தியாரின் "ஓடுகாலிகள்" எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்திட்டத்தின் வரலாறு நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறோம். 1920 இல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 1956 இல் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த நாளில் அது மாநிலம் முழுவதற்குமானது. தொடக்கத்தில் ஊர் மக்களின் கொடையை நம்பியே நடந்தது. இங்குள்ள முதியோர்க்குக் கோயில் வழியாக வந்த பால் பவுடரும் கோதுமை ரவையும் நினைவிருக்கும். பின்னர் 1989 இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010 இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்றாயிற்று. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. ஒருவர் ஏற்றிய அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. அரசியலில் இவ்வளவு நீண்ட ஒற்றுமையை நாம் வேறெதிலும் கண்டதில்லை.

நிற்க. சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும், அது சரி. படிப்பு வருமா என்று கேட்பீர்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளையின் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது என்று அறிவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்குதான். ஆதலால் காலையில் வெறும் வயிற்றோடு வருவது நம்மைவிடப் பிள்ளையையே அதிகம் வாட்டும். மூளை முதலில் கைவிடுவது கவனத்தை. கவனம் போனால், நினைவில் நிற்க வேண்டியது நிற்பதில்லை. வெளியே பார்ப்பவர்க்கு அது சோம்பேறித்தனமாகவோ மந்தமாகவோ தெரிகிறது. நாமும் அப்படித்தான் பார்த்தோம்.

2019 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் தொடக்கக் கல்விக் காலம் முழுவதும் பள்ளி உணவு பெற்ற பிள்ளைகளையும் ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டது. வாசிப்புத் தேர்வில் முன்னவர்களின் மதிப்பெண் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதைவிட நம்மை வியக்க வைத்தது 2021 இல் வந்த மற்றோர் ஆய்வு. சிறுமிகளாக இருந்தபோது பள்ளி உணவு உண்டவர்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள் வளர்ச்சி குன்றாமல் உயரமாக இருப்பது அதிகமாகக் காணப்பட்டதாம். எங்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உண்ட பெண்பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அன்று தட்டில் விழுந்த சோறு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது போலும்!

ஆனால் சோறு மட்டும் போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த பிள்ளையும் சோர்ந்திருக்கக் காண்கிறோம். 2019 - 21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு. அதாவது தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே இக்குறை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் உடம்புக்குள் உயிர்வளி சரியாகப் போய்ச் சேராது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். படிப்பில் மனம் நிற்காது. வீட்டில் "எந்நேரமும் படுத்தே கிடக்கா" என்று திட்டு விழும்.

பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரியவளாகும்போதுதான் இது முற்றுகிறது. உடம்பு விரைந்து வளர்கிறது, மாதந்தோறும் இரத்தமும் போகிறது. அந்த வயதில்தான் நம் வீடுகளில் "பொம்பளப் பிள்ள, அண்ணனும் அப்பாவும் சாப்பிட்ட பிறகு சாப்பிடலாம்" என்று தொடங்குகிறோம். மீன் குழம்பில் துண்டு யாருக்கு, வெறும் குழம்பு யாருக்கு என்று நம் வீட்டுச் சட்டியைக் கேட்டால் சொல்லும். ஆண்டவர் யாயீரின் மகளை உயிரோடு எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி பெற்றோருக்குச் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். அந்தச் சிறுமிக்கு வயது பன்னிரண்டு. பலமுறை அப்பகுதியைப் பீடத்தில் வாசித்திருக்கிறோம். அவள் வயதை நாம் கவனித்தது அண்மையில்தான்.

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பத்து வயதுக்கு மேல் நீலம். அதை வாங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு வருவதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று பயம். வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டத்தான் செய்யும், சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். கருப்பாகப் போவதில் தீங்கில்லை. இன்னொன்று: சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்காதபடி தேயிலை தடுத்துவிடும். காலையில் ஒரு தம்ளர் டீயும் இரண்டு வறுக்கியும் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிற வீடுகள் நம் பங்கில் எத்தனை என்று நாம் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டோம். டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். முருங்கைக்கீரைக்குச் செலவில்லை, வேலியில் நிற்கிறது. கூட ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழச் சாறோ சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

கொக்கிப்புழுவையும் சொல்ல வேண்டும். அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது அது. நீங்கள் ஊட்டுவதில் ஒரு பங்கை அது உண்கிறது. பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில், காய்ச்சல் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். உப்பளத்திலிருந்து சாக்கில் வாங்கும் கல்லுப்பு மலிவுதான். ஆனால் அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். அயோடின் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சியே குன்றும். உப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி காலை உணவுக்கு வருவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நம்முடையதைப் போன்ற ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 சூலை 15 இல் வந்தது. அதுவரை, அரசுப் பள்ளிப் பிள்ளை உப்புமா சாப்பிடுவதை நம் பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை மறக்க முடியாது. வந்த முதல் வாரத்தில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுபவர் யாருமில்லை என்று சகோதரி நம்மிடம் வந்து சொன்னார்கள்.

ஆயினும் இரண்டு குறைகளைக் கண்டோம். ஒன்று, சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. "நாங்க என்ன வக்கத்தவங்களா?" என்று கேட்டார்கள். அப்பெற்றோரின் பிள்ளைகள் பத்து ரூபாய்க்கு வண்ணப் பொட்டலம் வாங்கித் தின்று விட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். அதில் உப்பும் எண்ணெயும் உண்டு. வளர்ச்சிக்கு வேண்டியது இல்லை. இதைவிடக் கசப்பானதும் உண்டு. சமைப்பவர் இன்ன சாதி என்பதற்காகப் பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்த செய்தி 2023 இல் நம் தென்மாவட்டத்து ஊரொன்றிலிருந்தே வந்தது. அது வேறு ஊர் என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் பள்ளிச் சமையலறைப் பக்கமும் அப்படி ஒரு முணுமுணுப்பு கேட்டது. யாரென்று சொல்லப் போவதில்லை. அவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிவிட்டு, மறுநாள் காலை ஒரே பந்தியில் உப்புமா வாங்க முடியாது என்றால், அதை எப்படி விளக்குவதென்று நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, அத்திட்டம் வந்தபோது ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்பில் சாப்பிட்டுப் படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் பேருந்தேறிப் போகிறது. ஏழரை மணிப் பேருந்து. அந்நேரத்தில் தாய் மீன் ஏலத்துக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போயிருப்பாள். வளரும் வயதில், நீண்ட வழியில், வெறும் வயிறு. மதிய உணவு அங்கே உண்டு, மதியம் வரை?

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். வாரத்தில் ஐந்து நாள் அரசு சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் என்ன செய்கிறோம்? ஏழு மணித் திருப்பலி. எட்டே கால் முதல் ஒன்பதரை வரை மறைக்கல்வி. பிள்ளை வீடு போய்ச் சேரப் பத்து மணி. நம் பாட்டிமார், பூசை முடியுமட்டும் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்று பிள்ளைகளைப் பட்டினியாகவே கூட்டி வருகிறார்கள். அவர்கள் வளர்ந்த வீடுகளில் நள்ளிரவு முதல் உபவாசம் என்ற பழைய சட்டமே பழக்கமாயிருந்தது. அந்தப் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆனால் திருச்சபை 1957 இல் அதை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. 1964 நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் என்று ஆக்கினார். தண்ணீருக்குத் தடையே இல்லை. ஏழு மணித் திருப்பலியில் நற்கருணை வழங்க ஏழே முக்கால் ஆகிவிடும். ஆறரை மணிக்கு இரண்டு இட்லி தின்ற பிள்ளை தாராளமாக நற்கருணை வாங்கலாம். முதல் நன்மை வாங்காத சிறு பிள்ளைகளுக்கு உபவாசமே கிடையாது. இதை இத்தனை நாள் பீடத்திலிருந்து தெளிவாகச் சொல்லாதது நம் குறை.

இப்பொன்விழாவுக்குச் சேர்ந்த தொகையில் கோயில் வாசலுக்கு ஒரு வளைவு கட்ட வேண்டுமென்று விழாக் குழுவில் பலர் விரும்புகிறார்கள். வரைபடமும் வந்துவிட்டது, அழகாகத்தான் இருக்கிறது. நாம் அதற்கு எதிரியல்ல. ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் வராந்தாவில் செருப்புகளுக்கு இடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் சாரல் தட்டில் விழுகிறது. கை கழுவ ஒரே குழாய். உணவுக்கூடம் ஒன்றும், வரிசையாகப் பத்துக் குழாயும் முதலில் வரட்டும், வளைவு வைரவிழாவில் வரட்டும் என்பது நம் கருத்து. குழுவினர் கூடி முடிவு செய்யட்டும். ஓட்டெடுப்பில் தோற்றால் நாம் முகம் சுளிக்க மாட்டோம். ஆனால் திறப்பு விழாவன்று அந்த வராந்தாவில்தான் நமக்கு நாற்காலி போட வேண்டும்.

அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் தாய்மார் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கலயங்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அரிசிக்குப் பதில் ஒரு பிடி பயறு போடுங்கள். சிறுபயறு, காணம், கொண்டைக்கடலை, எதுவானாலும் சரி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக்கு முன், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. இருப்பவர் பிள்ளை, இல்லாதவர் பிள்ளை என்று வேறுபாடில்லாமல் எல்லாரும் ஒரே வரிசையில். அன்பியத்துக்கு ஒரு ஞாயிறாக முறை வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்காக, வார நாட்களில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள இளைஞர் மன்றத்தில் ஏழு மணிக்கு இதையே கொடுக்க முடியுமா என்று இளைஞர்கள் பார்க்கிறார்கள். செலவுக் கணக்கு அவர்களிடம் கேட்டிருக்கிறோம்.

அண்டா இரண்டும் கரண்டியும் பங்கு இல்லத்தில் இருக்கின்றன. கோயில்பிள்ளையிடம் சாவி உண்டு. வரும் ஞாயிறு முதல் முறை கடற்கரைத் தெரு அன்பியம். பிள்ளைகள் நூற்றிருபது பேர் வருவார்கள், எட்டுக் கிலோ கடலை வேண்டியிருக்கும் என்று சகோதரி சொல்கிறார்கள். சனிக்கிழமை மாலையே ஊறப் போட்டுவிடுங்கள்.